சுடாத குண்டம்

12.1.2024, வெள்ளி

வெறும் வயிற்றில் 212.

இந்த டைரி மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அட்டையில் மாத்திரைப் படம். நாமக்கல் கிளினிக்கில் நர்ஸ் ரஞ்சனி இதை என் கையில் திணித்து, "தினமும் சுகர் எவ்வளவுன்னு எழுதுங்கண்ணா. கால்ல எதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சாலும் எழுதுங்க" என்றது. சரி, எழுதுகிறேன்.

வித்தியாசம்: இன்று டீக்கடையிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்கு நடந்து வந்தேன். வாசலில் கூட வேலை பார்க்கிற கதிர்வேல் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஏன்டா குமரு, ஒத்தச் செருப்போட எங்கடா போயிட்டு வார?" இடது காலில் செருப்பு இல்லை. கழன்றதே தெரியாமல் நடந்து வந்திருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் நடுரோட்டில் கிடந்தது. ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போயிருந்தது. எங்கள் வண்டி ஓட்டுநர் தங்கசாமி அண்ணன், "நாளைக்கு இன்னொன்னையும் விட்டுட்டு வந்துருவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

19.1.2024, வெள்ளி

வெறும் வயிற்றில் 198. சாப்பிட்ட பின் 267. பாம்பு பிடிக்க இரண்டு அழைப்பு. இரண்டும் சாரை.

24.1.2024, புதன்

கிளினிக். ரஞ்சனி என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய ஒன்றால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டது. தொட்டால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை சொன்னேன். அதில் ஒன்று அது தொடாதபோது சொன்னதாம்.

டாக்டர் சொன்னார்: "நரம்பு போயிருக்கு. இனிமே வெறுங்கால்ல நடக்கவே கூடாது. வீட்டுக்குள்ள கூட. என்ன வேலை பாக்கறீங்க?"

"கோழிப்பண்ணையில சூப்பர்வைசருங்க."

எட்டு வருடமாக அவரிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிலையத்துக்குத் தெரியாமல் இருக்கத்தான் இத்தனை தூரம் வந்து வைத்தியம் பார்ப்பது. தெரிந்தால் மெடிக்கல் போர்டு. போர்டு காலைப் பார்த்தால் அப்புறம் வண்டி ஏற விடமாட்டார்கள். டெலிபோன் மேசையில் உட்கார்த்தி வைப்பார்கள். பதினேழு வருடம் மணி அடித்ததும் ஓடிப் போய் ஏறினவன் நான். மேசையில் உட்கார்ந்திருப்பவனை எங்கள் ஆட்கள் எப்படிக் கிண்டல் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதிகம் செய்தவனே நான்தான்.

3.2.2024, சனி

நாமகிரிப்பேட்டைப் பக்கம் கிணற்றில் மாடு. எண்பதடிக் கிணறு, தண்ணீர் இடுப்பளவு. வழக்கம்போல நான் நூலேணியில் இறங்கினேன். மேலே பாதுகாப்புக் கயிற்றைக் கதிர்வேல் பிடித்திருந்தான்.

படியில் கால் இருக்கிறதா இல்லையா என்று காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தேன். கீழே இருட்டு கூடியதும் பார்க்கவும் முடியவில்லை. இருக்கிறது என்று நினைத்து ஊன்றினேன். இல்லை. ஓராள் உயரம் விழுந்து கயிற்றில் தொங்கினேன்.

மாடு பிழைத்தது. நானும் பிழைத்தேன். கதிர்வேலின் இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்துத் தோல் உரிந்துவிட்டது. நிலைய அலுவலர் சரவணமுத்து சார் கேட்டபோது, "ஏணி வழுக்கிருச்சுங்க சார்" என்று அவனே சொன்னான். வண்டியில் திரும்பும்போது மெதுவாக என்னிடம் கேட்டான்.

"காலைப் பாத்துப் பாத்து வெச்சியே, ஏன்டா?"

"கண்ணு மங்கலா இருந்துச்சு."

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா? பசி எடுத்தது. பரோட்டா சாப்பிட்டேன். 301.

12.3.2024, செவ்வாய்

மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டினேன். இன்னும் பதினைந்து நாளில் குண்டம். ஒன்பது வருடம் நெருப்பில் இறங்கியாயிற்று, இது பத்தாவது. மகள் அபிநயா சின்ன வயதில் மூளைக் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது நேர்ந்துகொண்டது.

மனைவி வசந்தாமணி பாயை வெளியே உலர்த்திக்கொண்டே சொன்னாள். "இந்த வருசம் வேண்டாங்க. டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்காரு."

"பத்தாவது வருசம். நின்னா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கலாமுங்க."

"தங்கசாமி அண்ணன் இதே ஊரு. கோயில் கமிட்டியில வேற இருக்காரு. அவருக்குத் தெரிஞ்சா ஸ்டேசனுக்குத் தெரிஞ்ச மாதிரி."

அவள் உள்ளே போனாள். புதுச் சட்டி எடுத்தாள், வீடு முழுக்கக் கழுவினாள், எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு. இந்த விஷயத்தில் அவள் எப்போதும் கண்டிப்பு. எங்கள் ஊரில் கால் சுட்டால் விரதத்தில் குறை என்றுதான் சொல்வார்கள்.

20.3.2024, புதன்

ஒரு வேளைச் சோறு. காலையில் 74. பயிற்சியின்போது கண் இருட்டியது. வெல்லம் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். விரதத்துக்கு வெல்லம் சேருமா சேராதா? யாரைக் கேட்பது.

27.3.2024, புதன்

இறங்கினேன். சுடவில்லை.

28.3.2024, வியாழன்

கிளினிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இரண்டு காலும் தலையணை மேல், கட்டுப் போட்டு.

நேற்று நடந்தது. புளியங்கட்டை எரித்த தணல், இருபத்தைந்து அடி நீளம். காவலுக்கு எங்கள் நிலைய வண்டிதான் வந்திருந்தது. தங்கசாமி அண்ணன் ஓட்டி வந்தார். குண்டத்தின் கடைசியில், கால் நனைக்கிற பால்குழிக்குப் பக்கத்தில் கதிர்வேல் தண்ணீர்க் குழாயோடு நின்றான். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் ஓடினார்கள். யாராக இருந்தாலும் ஓடுவார்கள். ஒன்பது வருடம் நானும் அப்படித்தான். முதல் இரண்டு எட்டு ஒன்றும் இருக்காது, மூன்றாவதில் முள் ஏறுகிற மாதிரி ஒன்று வரும், கால் தானாக ஓடும்.

ஊருக்குச் சொன்ன காரணம் வேண்டுதல். வசந்தாமணிக்குச் சொன்ன காரணம் தங்கசாமி அண்ணன். இரண்டும் இல்லை. சுட்டால் போதும் என்றுதான் இறங்கினேன். சுட்டால் காலில் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சமாவது.

மூன்றாவது எட்டு. ஒன்றுமில்லை. நாலு, ஐந்து. மெத்தையில் நடப்பது போல இருந்தது. நடுவில் நின்றேன். இன்னும் கொஞ்சம் நின்றால் சுடுமோ என்று நின்றேன். கூட்டம் "தாயே, தாயே" என்று கத்தியது, பெண்கள் குலவை போட்டார்கள். கதிர்வேல் மட்டும், "ஓடுறா குமரு! ஓடுறா!" என்று அலறினான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நடந்தேன்.

வெளியே வந்ததும் காலில் விழுந்தார்கள். கமிட்டித் தலைவர் சுப்பையன் ஐயா நெற்றியில் திருநீறு பூசி, "பத்து வருசத்துப் பலன் சாமி" என்றார். பாலும் சாம்பலும் அப்பிய காலோடு நடந்தே வீட்டுக்குப் போனேன். வசந்தாமணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவக் குனிந்தாள். கழுவும்போது தோல் அவள் கையோடு வந்துவிட்டது.

"வலிக்குதுங்களா?"

"இல்ல."

அவள் அழவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். காருக்குப் போன் செய்தாள்.

16.4.2024, செவ்வாய்

இடது கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. ரஞ்சனி அழுதது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்துக்கு அனுப்பிய சான்றிதழில் 'தீக்காயம்' என்று இருக்கிறது. பொய் இல்லை. முழுதும் உண்மையும் இல்லை. கோழிப்பண்ணைக்கு எதற்கு இத்தனை பக்காவாகச் சான்றிதழ் என்று டாக்டர் கேட்டார். முதலாளி கறார் என்றேன்.

5.5.2024, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். காலையில் 160. இன்சுலின் பழகிவிட்டது.

வசந்தாமணி பால் சொசைட்டிக்குப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறாள். முன்பெல்லாம் அங்கே நின்று ஊர்க்கதை பேசாமல் வரமாட்டாள். என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். அபிநயாதான் சொன்னது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறது, எல்லாம் காதில் விழுகிறது.

"அம்மாவைப் பத்தித்தான் பேசறாங்கப்பா. நடுக் குண்டத்துல நின்ன மனுசனுக்கே கால் வெந்துருக்குன்னா ஊட்டுல சுத்தமில்லைங்கறாங்க. நீங்க குடிக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அப்ப தப்பு அம்மா மேலதான்னு சொல்றாங்க. தீட்டோட சமைச்சுப் போட்டிருக்கும்ங்கறாங்க."

சாயங்காலம் வசந்தாமணியிடம் கேட்டேன்.

"சொல்றவங்க சொல்லட்டுமுங்க. நானென்ன தேஞ்சா போயிருவேன்?"

"சர்க்கரைன்னு சொல்லிரலாமா?"

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "சொன்னா உங்க வேலை?"

நான் பதில் சொல்லவில்லை. என் பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

18.5.2024, சனி

கதிர்வேல் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனான். உள்ளங்கையில் தழும்பு. "கிணத்துல கால் தெரியல, குண்டத்துலயும் தெரியல. நான் எதுவும் கேக்கல. நீயாச் சொல்றப்பச் சொல்லு" என்றான். பழத்தை அபிநயாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

9.6.2024, ஞாயிறு

கமிட்டியிலிருந்து வந்தார்கள். சுப்பையன் ஐயா, தங்கசாமி அண்ணன், இன்னும் இரண்டு பேர். என் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஐயா நல்ல மனிதர். நோகாமல்தான் பேசினார்.

"மூணு மாசமா ஊர்ல மழையில்ல சாமி. குண்டத்துல கொறை நடந்துருச்சுன்னு சனங்க பேசுது. ஆடியில ஈரத்துணியோட கோயிலை மூணு சுத்துச் சுத்தி வந்து, ஊட்டம்மா ஆத்தாகிட்டத் தப்புக் கேட்டுட்டாப் போதும். அப்பறம் மாவிளக்கு எடுக்கறது, பொங்க வெக்கறது எல்லாம் பழையபடி."

ஒரு வார்த்தை போதும். சர்க்கரை. ஐந்து எழுத்து. தங்கசாமி அண்ணன் எதிரே உட்கார்ந்து என் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு என்ன நடக்கும் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். திங்கள்கிழமை நிலையத்தில் தெரியும். செவ்வாய்க்கிழமை சார் கூப்பிடுவார். நாக்கு அசையவில்லை. காலைப் போலத்தான் அதுவும் ஆகிவிட்டது.

அடுப்படி நிலையில் நின்று வசந்தாமணி சொன்னாள். "செரிங்க. நான் வாரேனுங்க."

எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

10.6.2024, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. 148.

23.7.2024, செவ்வாய்

காலை ஒன்பது மணி. நான் தடியை ஊன்றிக்கொண்டு கோயில் முன்னால் நின்றேன். அபிநயா என் பக்கத்தில்.

வசந்தாமணி கிணற்றடியில் மூன்று குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். எனக்குப் பிடித்த அந்தப் பாசிப் பச்சைச் சேலை. ஏன் அதைக் கட்டினாளோ. கல்யாண வீட்டில் நிற்பது போல ஊரே நின்றது. முதல் சுற்று போனாள். கோயிலுக்குப் பின்னால் மறைந்து, இந்தப் பக்கம் வந்தாள். தலையைக் குனியவில்லை. யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை.

இரண்டாவது சுற்றில் என்னைக் கடந்து போனபோது அபிநயா என் சட்டையைப் பிடித்தது. "அப்பா. இப்பவாச்சும் சொல்லுங்கப்பா."

கேட்டது. நன்றாகக் கேட்டது. காது கேட்காமல் போகவில்லை எனக்கு.

மூன்றாவது சுற்றும் முடிந்தது. ஈரச் சேலையோடு மண்ணில் விழுந்து, "தெரிஞ்சோ தெரியாமயோ தப்பு எதாச்சும் பண்ணியிருந்தா மன்னிச்சுரு தாயே" என்றாள். பூசாரி சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். தப்புச் செய்யாதவள் அவள் ஒருத்திதான் அந்த இடத்தில்.

வீட்டுக்கு வரும் வழியில், "மண்ணு நரநரன்னு இருக்குதுங்க, மறுபடி தண்ணி வார்த்துக்கணும்" என்றாள். அவ்வளவுதான். அபிநயா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நான் என்ன ஆள்? தீப்பிடித்த நார் மில்லுக்குள் போய் முகம் தெரியாதவனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பொண்டாட்டி மூணு சுத்து சுத்தி முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்கல. என்ன மனுசன்டா நீ குமரகுரு.

29.7.2024, திங்கள்

வேலையில் சேர வேண்டிய நாள். சேரும் கடிதத்தோடு இன்னொரு கடிதமும் எழுதிக் கொண்டுபோனேன். எட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு காலிலும் உணர்வு இல்லை. பிப்ரவரியில் கிணற்றில் விழுந்ததற்குக் காரணம் ஏணி அல்ல, என் கால்.

சரவணமுத்து சார் இரண்டு முறை படித்தார்.

"இதைக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க சார்."

"யாரும் கேக்கலையேப்பா உன்னை."

"அதனாலதானுங்க சார் இவ்வளவு நாளாச்சு."

வெளியே கதிர்வேலிடமும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "ஓராள் வெயிட்டு, ரெண்டு கையில. நான் விட்டிருந்தா நீ செத்திருப்ப. விட்டது நானுன்னு காலம் பூரா நெனச்சுட்டுக் கெடந்திருப்பன்டா" என்றான். அதற்குள் தங்கசாமி அண்ணன் வந்துவிட்டார். வண்டிக் கண்ணாடியைத் துடைத்த துணி கையில் இருந்தது.

"அன்னைக்கு உன் ஊட்ல நேர்ல உக்காந்திருந்தேனே குமரு. இதை ஏன் சொல்லல? ஒரு பொம்பளையக் கூட்டத்துல நிறுத்த நானும் கூட வந்தவனாயிட்டேனே."

அவர் வண்டிக்குத் திரும்பிப் போகும் வரை அங்கேயே நின்றேன்.

2.8.2024, வெள்ளி

பூசை முடிந்ததும் கோயிலில் சொல்லிவிட்டேன். முப்பது பேர் இருப்பார்கள். கட்டைப் பிரித்து விரல் போன இடத்தையும் காட்டினேன். டாக்டர் சொன்னது, நரம்பு, எல்லாம். விரதத்தில் என் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்றேன். குரல் சத்தமாகத்தான் வந்தது.

முன்னால் நின்றவர்கள் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். பிறகு சுப்பையன் ஐயா என் தோளில் கை வைத்தார். "செரி சாமி, சர்க்கரையே இருக்கட்டும். ஆத்தா நெனச்சிருந்தாக் காப்பாத்தியிருக்க மாட்டாளா? அதான் ஊட்டம்மா தப்புக் கேட்டாச்சே. மழையும் பேஞ்சுது. விடு."

ஆமாம், போன வாரம் மழை பெய்தது. அதற்கு நான் என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னேன், ஸ்டேசனிலும் கோயிலிலும் சொல்லிவிட்டேன் என்று. மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டீங்களா" என்றாள். சலித்து முடித்துச் சல்லடையைத் தட்டி வைத்தாள். சந்தோஷப்படுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

"நவுருங்க, கூட்டணும்" என்றாள்.

17.10.2024, வியாழன்

மெடிக்கல் போர்டு உத்தரவு வந்துவிட்டது. வண்டிப் பணி கிடையாது. டெலிபோன் மேசை, ஓய்வு பெறும் வரை. கையெழுத்துப் போட்டேன். 131.

டாக்டரிடமும் உண்மையான வேலையைச் சொல்லிவிட்டேன். அவர், "கோழிப்பண்ணைன்னா கால்ல இப்படி ஒரு பூட்ஸ் தடம் எப்படி வரும்னு எப்பவோ யோசிச்சேன்" என்றார். யோசித்ததைக் கேட்டிருக்கலாம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

4.11.2024, திங்கள்

இன்று மூன்று அழைப்பு. மணியை அழுத்தினேன். முப்பது விநாடியில் வண்டி போய்விட்டது. அப்புறம் நிலையத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். இப்படி ஒரு சத்தம் இங்கே இருப்பதே பதினேழு வருடத்தில் எனக்குத் தெரியாது.

25.12.2024, புதன்

அபிநயா சேலத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறது. நர்சிங் சேர்ந்து நாலு மாதம். "காலைக் காட்டுங்க" என்றது. ஐந்து மாதத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. காட்டினேன். வெடிப்புக்குக் களிம்பு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

23.3.2025, ஞாயிறு

கமிட்டியிலிருந்து வந்தார்கள், தங்கசாமி அண்ணன் தவிர. இந்த வருடம் முதல் மாவிளக்கு வசந்தாமணி எடுக்க வேண்டுமாம். முதல் மாவிளக்கு என்றால் ஊரில் பெரிய மரியாதை. சுப்பையன் ஐயா, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத சாமி" என்று அவளிடமே சொன்னார்.

வசந்தாமணி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். ஐயாவின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தாள். கடைசியில், "அன்னைக்கு எனக்கு வேலை இருக்குதுங்க" என்றாள். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

9.4.2025, புதன்

குண்டம். ஊர்க் காவலுக்கு வண்டி காலையிலேயே போய்விட்டது. கதிர்வேல், தங்கசாமி அண்ணன், எல்லோரும் அங்கே. நான் மேசையில்.

பன்னிரண்டு மணிக்கு வசந்தாமணி பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவள் சொன்ன வேலை இதுதான் போல. நிலையத்துக்குள் அவள் வந்ததே இல்லை. சுவரில் இருந்த வரைபடம், மணி, பதிவேடு எல்லாவற்றையும் பார்த்தாள். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வயர்லெஸ்ஸில் கதிர்வேல் வந்தான். அவன் குரலுக்குப் பின்னால் பம்பைச் சத்தமும் குலவையும் அறை முழுக்க நிரம்பியது. வசந்தாமணியின் கை கேரியர் மூடிமேல் அப்படியே நின்றது. கதிர்வேல் சொன்னதை நான் பதிவேட்டில் எழுதினேன்.

"என்னங்க எழுதுனீங்க?"

வாசித்துக் காட்டினேன். 'குண்டம் இறங்குதல் முடிந்தது. யாருக்கும் காயம் இல்லை.'

"போன வருசம் என்ன எழுதுனாங்க?"

பழைய பதிவேடு பீரோவில் இருந்தது. எடுத்து 27.3.2024 பக்கத்தைப் பிரித்தேன். கதிர்வேல் கையெழுத்து. அவன்மேல் தப்பில்லை, நான் யாரிடமும் சொல்லாமல் நடந்து போய்விட்டேன். அவளிடம் புத்தகத்தைத் திருப்பி வைத்தேன். அவளே விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'யாருக்கும் காயம் இல்லை.'

அந்த விரல் அங்கேயே இருந்தது. அப்புறம் அழுதாள். சத்தமாக. கால் தோல் கையோடு வந்த அன்றைக்கும் அழாதவள், ஈரச் சேலையோடு மண்ணில் விழுந்தபோதும் அழாதவள், நிலையத்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. "என்னாலதான். எல்லாம் என்னாலதான் வசந்தா" என்றேன். இதைச் சொல்ல ஒரு வருடம் ஆகியிருக்கிறது. என் மார்பு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

வெகு நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைத் திருத்த முடியாதுங்களா?"

"முடியாது. எழுதினதை அடிக்கக் கூடாது."

"செரி" என்று பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். போன வருடம் தனித் தட்டு வைத்த நாளிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடாதவள், இன்று என் எதிரே உட்கார்ந்து தனக்கும் போட்டுக்கொண்டாள்.